வீட்டுக்கு அனுப்பிய பிறகு

எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒருவருக்குக் கேன்சர் என்று தெரிந்தால், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "எங்க காட்டறீங்க?" என்பதுதான். ஓசூர், தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் ஆட்கள் பெங்களூருக்குப் போவார்கள். அங்கே இருக்கிற கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனையின் பெயர் அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, நல்லம்பள்ளி என்றால் சேலம். ஊத்தங்கரை, பர்கூர் பக்கத்தில் வேலூரைச் சொல்வார்கள். சென்னையில் தங்க ஒரு சொந்தக்காரர் வீடு இருப்பவர்கள் அடையாறுக்குப் போவார்கள். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய மருத்துவமனை அது. தருமபுரியில் 2008-இலும் கிருஷ்ணகிரியில் 2022-இலும் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு எத்தனையோ நோய்க்கு வெளியூர் ஓடுவது குறைந்திருக்கிறது. கேன்சர் என்று வந்துவிட்டால் எங்கள் வீட்டைப் போலப் பல வீடுகள் இன்னமும் தெற்கே தொப்பூர் கணவாயையோ வடக்கே கர்நாடக எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளியையோ தாண்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

எங்கே காட்டுவது என்பதற்கு ஊரே யோசனை சொல்லும். காட்டி முடித்து வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் புண்ணை யார் கழுவுவது, ராத்திரி வலி எடுத்தால் என்ன கொடுப்பது, வாய் திறக்க முடியாதவருக்கு எப்படிச் சாப்பாடு உள்ளே போவது என்பதையெல்லாம் பேச ஆள் இருக்காது. என் பெரியம்மா வாய்ப் புற்றுநோயோடு வாழ்ந்த காலத்தில் நான் கற்றது முழுக்க இதைப் பற்றித்தான். ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு எல்லாம் நோயோடு சண்டை போடுகிற வைத்தியம். அந்தச் சண்டைக்கு நடுவிலும், அது ஓய்ந்த பிறகும், ஆள் சாப்பிட்டு, தூங்கி, நாலு பேரோடு பேசி வாழ வேண்டுமே, அதற்கென்று ஒரு வைத்தியம் தனியாக இருக்கிறது. பாலியேட்டிவ் கேர் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். வலி நிவாரண ஆதரவு சிகிச்சை என்று அரசு ஆஸ்பத்திரிகளில் எழுதுகிறார்கள். நோய் தெரிந்த நாளிலிருந்தே அது கிடைக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். பெரியம்மாவுக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. கிடைத்த பிறகு அவர் நாட்கள் எப்படி மாறின என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

பெரியம்மாவின் ஊர் பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி போகிற வழியில் இருக்கிறது. தக்காளியும் கேழ்வரகும் போடுகிற பூமி, இரண்டு கறவை மாடு. களையெடுக்கப் போகிற பெண்களின் மடியில் வெற்றிலைப் பையும் அதற்குள் புகையிலையும் இருக்கும். பசி தெரியாது, பல்வலிக்கு நல்லது என்று சின்ன வயதிலேயே பழகிவிடுவார்கள். பெரியம்மாவுக்கு இடது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகத் தடித்தது. அப்புறம் புண்ணாகியது. காரம் பட்டால் எரிகிறது என்று கோழிக்குழம்பை ஒதுக்க ஆரம்பித்தபோதுதான் அண்ணன், அதாவது பெரியம்மாவின் மகன், பல் டாக்டரிடம் கூட்டிப் போனார். சதை எடுத்துச் சோதித்ததில் தெரிந்துவிட்டது.

புகையிலைதான் காரணம் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். பாக்கும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சொல்லிவிட்டது. இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லலாம், கிராம சபையில் சொல்லலாம், நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் சொல்லலாம். நோய் வந்து படுத்திருப்பவரின் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லக் கூடாது. "அப்பவே சொன்னேன், கேட்டாங்களா" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போன அன்றைக்குப் பெரியம்மா யாரோடும் பேசவில்லை. குற்றவாளியைப் போலச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

இன்னொரு பழக்கமும் எங்கள் பக்கம் உண்டு. நோயாளிக்கு நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கட்டி என்பார்கள், ஆறாத புண் என்பார்கள். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், படுத்திருப்பவர் ஒருவரைத் தவிர. பெரியம்மாவிடமும் சொல்ல வேண்டாம் என்றுதான் பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். அவர் நேராக டாக்டரிடமே கேட்டுவிட்டார்: "என் வாயி தானே சாமி, என்னன்னு என்கிட்ட சொல்லு." டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, பெயரைச் சொல்லி, என்ன செய்யப் போகிறோம் என்பதையும் பொறுமையாகச் சொன்னார். வெளியே வந்து பெரியம்மா அழுதார். அதற்கப்புறம், மாட்டை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று யோசிக்க ஆரம்பித்தார். மறைத்து வைத்திருந்தால் அந்த யோசனைக்கே இடம் இருந்திருக்காது. எது எப்படிப் போனாலும் தன் விஷயத்தில் தான் முடிவெடுக்கிறோம் என்ற தெம்பு அவருக்குக் கடைசிவரை இருந்தது.

சேலத்தில் ஆபரேஷன். கன்னத்தையும் தாடை எலும்பில் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து சதையைத் திருப்பிக் கொண்டுவந்து ஓட்டையை மூடினார்கள். புண் ஆறியதும் கதிர்வீச்சு. அதற்கு முன்பே ஆடின பற்களைப் பிடுங்கிவிட்டார்கள். கதிர்வீச்சு பட்ட தாடையில் பிற்பாடு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்து இருக்கிறதாம். முகத்தின் அச்சில் வலை போன்ற ஒரு மூடி செய்து, அதை மாட்டி மேசையோடு இறுக்கிப் படுக்கவைத்து, தினமும் சில நிமிடம் கதிர்வீச்சு. திங்கள் முதல் வெள்ளிவரை, 30 முறை. ஆறு வாரம். சில நிமிட வேலைக்காகத் தினமும் பாலக்கோட்டிலிருந்து சேலம் போய்வர முடியுமா? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து, அண்ணி அங்கே தங்கிச் சமைத்துப் போட்டார். தக்காளி பறிப்பு நேரம் அது. அண்ணன் ஊரில். நான் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தபடி காகிதங்களுக்காக அலைந்துகொண்டிருந்தேன்.

காகித விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிறது என்று சான்று வேண்டும். நோய் தெரிந்த அன்றைக்கே அட்டை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எல்லை தாண்டிப் பெங்களூரு போவதாக இருந்தால், அங்கே நம் அட்டைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்ட பிறகு கிளம்புங்கள். ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியில் கட்டணம் கிடையாது, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிய படிவம் வேண்டும். தருமபுரிக்காரர்களுக்கு இது உதவும். கிருஷ்ணகிரி நகரத்தில் ரயில் நிலையமே இல்லை, அங்கிருப்பவர்களுக்குப் பஸ்தான்.

கதிர்வீச்சு மூன்றாவது வாரத்தைத் தாண்டும்போது வாய் முழுக்க வெந்துவிடும். எச்சில் வற்றி, ஒரு வாய் தண்ணீர் முழுங்குவதற்கே கண்ணில் நீர் வரும். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டு அனுப்பினார்கள். உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அடிக்கடி வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள். கதிர்வீச்சு படுகிற தோலில் எண்ணெய், மஞ்சள், சந்தனம் எதையும் பூசக் கூடாது. வாய்ப் பூட்டு விழாமல் இருக்க ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்துப் பிடிக்கும் பயிற்சி ஒன்று உண்டு. வாரம் போகப் போகக் குச்சியைக் கூட்ட வேண்டும். வலிக்கும். அதனாலேயே பலரும் விட்டுவிடுவார்கள், பிறகு விரல் நுழைகிற அளவுக்குக்கூட வாய் திறக்காமல் போய்விடும். அண்ணி விடவில்லை. ஊர் திரும்பிய பிறகும் காலையில் பால் கறந்துவிட்டு வந்ததும் குச்சிக்கட்டை எடுத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

குழாய் வழிச் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுதியாக வேண்டும், ஏனென்றால் இதை யாரும் எங்களுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. டப்பாவில் வருகிற சத்துமாவை எழுதிக் கொடுத்தார்கள். அந்த விலைக்கு மாதம் முழுக்க வாங்க முடியாது. எங்கள் ஊரில் சாப்பாடு என்றால் கேழ்வரகுதான். களி தின்று வளர்ந்த உடம்பு. அண்ணி கேழ்வரகுக் கஞ்சியைக் காய்ச்சிக் குழாயில் விட்டால், ஆறியதும் கெட்டியாகி அடைத்துக்கொண்டது. தண்ணீரைக் கூட்டினால் வயிறு நிரம்புகிறது, சத்து போவதில்லை. ஆள் இளைத்துக்கொண்டே போனார். வெகுநாள் கழித்து எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்த செவிலியர்தான் வழி சொன்னார்: கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைக்க வேண்டும். முளைக்கும்போது தானியத்தில் உண்டாகிற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதால், அதே அளவு மாவு போட்டாலும் கஞ்சி இளகி ஓடும். துணியில் வடிகட்டி, பாலும் கொஞ்சம் வெல்லமும் ஒரு கரண்டி எண்ணெயும் சேர்த்து விடலாம். ஆளைச் சாய்த்து உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகும் அரைமணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் நல்ல தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். இவ்வளவுதான். முளைகட்டிய ராகி மாவு எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக் கொடுக்கிறதுதான், ஒவ்வொரு வீட்டிலும் செய்யத் தெரியும். அது பெரியம்மாவுக்கும் ஆகும் என்று சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது.

சிகிச்சை முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகத்தான் இருந்தார். குழாயை எடுத்துவிட்டார்கள். குழைந்த சோறு, ரசம், பால் என்று வாயாலேயே சாப்பிட்டார். முந்தானையால் கன்னத்தை மறைத்துக்கொண்டு சந்தைக்குக்கூடப் போனார். அப்புறம் கழுத்தில் நெறி கட்டியது. மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் மருந்து. பிடிபடவில்லை. ஒரு பெரிய மருத்துவமனையில் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே பண்றதுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார்கள். நின்றபடியே சொன்னார்கள். சாதாரண வலி மாத்திரை எழுதிய ஒரு சீட்டு மட்டும் கையில் இருந்தது.

நோய் குணமாகாது என்று அவர்கள் சொன்னது உண்மை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று சொன்னது உண்மையே கிடையாது. வலி இருந்தது, அதற்கு மருந்து இருந்தது. புண் நாறியது, அதற்கும் மருந்து இருந்தது. தூக்கம் போய்விட்டிருந்தது, பயம் இருந்தது, வீட்டில் பார்த்துக்கொள்கிறவளுக்கு முதுகு ஒடிந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் வழி தெரிந்த மருத்துவம் ஒன்று நாட்டில் இருக்கும்போது, அதன் வாசலைக் கூடக் காட்டாமல் அனுப்பினார்களே என்றுதான் இன்றைக்கும் கோபம் வருகிறது. அன்றைக்குத் தருமபுரி பஸ்ஸில் யாரும் பேசவில்லை.

வாசலைக் காட்டியது எங்கள் ஊர் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். வீடு வீடாகப் போய்ப் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற பெண். எங்கள் பக்கத்து மாவட்டத்துக்குப் பெருமையான ஒரு விஷயம் இது: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி முதலமைச்சர் தொடங்கிவைத்தது கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளி கிராமத்தில்தான். 2024-இல் அதற்கு ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. பிரஷர் மாத்திரைத் திட்டம் என்றுதான் நிறையப் பேர் நினைத்திருக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி நிவாரண ஆதரவு சிகிச்சை கொடுப்பதும், இயன்முறைப் பயிற்சி கொடுப்பதும் அதில் உண்டு. "ஏங்க்கா இவ்வளவு நாளா சொல்லல?" என்று அண்ணியிடம் கடிந்துகொண்டு, அந்தத் தன்னார்வலர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் எழுதிக்கொடுத்தார். அந்த வாரமே செவிலியர் வந்தார்.

சிஸ்டர் வந்ததும் முதலில் புண்ணைப் பார்க்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, "ராத்திரி தூங்கறீங்களாம்மா?" என்று கேட்டார். பெரியம்மா தலையாட்டி இல்லை என்றார். வலியை 0 முதல் 10 வரை எண்ணச் சொன்னார். பெரியம்மா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

அந்த நாட்களில் பெரியம்மா மாட்டுக் கொட்டகையில்தான் படுத்துக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். யாரும் அவரை அனுப்பவில்லை. கழுத்துப் புண் வெடித்து, அதிலிருந்து வந்த நாற்றம் அவருக்கே தாங்கவில்லை. பேரப்பிள்ளைகள் மூக்கைப் பிடித்ததைப் பார்த்துவிட்டுத் தானே கட்டிலைக் கொட்டகைக்கு இழுத்துப்போட்டுக்கொண்டார். சாம்பிராணி போட்டுப் பார்த்தோம், டெட்டால் போட்டுப் பார்த்தோம். டெட்டால் எரிந்ததுதான் மிச்சம். சிஸ்டர் கொதிக்கவைத்து ஆறிய உப்புத் தண்ணீரால் புண்ணை மெதுவாகக் கழுவினார். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்து, புண்ணின் மேல் தூவி, ஒட்டாத துணி வைத்துக் கட்டினார். காற்றில்லாமல் வளர்கிற கிருமிகள்தான் அந்த நாற்றத்துக்குக் காரணமாம், அந்த மாத்திரை அவற்றைக் கொல்லுமாம். சில ரூபாய் விலையுள்ள மாத்திரை. ஒரு வாரம் முடிவதற்குள் நாற்றம் அடங்கிவிட்டது. கட்டில் வீட்டுக்குள் வந்தது. சின்னப் பேத்தி பழையபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத ஆரம்பித்தாள். கேன்சர் அப்படியேதான் இருந்தது. ஆனால் பெரியம்மா வீட்டுக்குள் இருந்தார்.

புண்ணில் ஈ மொய்க்காமல் கொசுவலை கட்டச் சொன்னார் சிஸ்டர். அடர் சிவப்பு நிறத்தில் பழைய புடவைத் துண்டுகளைத் துவைத்துக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கச் சொன்னார். கழுத்துப் புண்ணில் என்றைக்காவது ரத்தம் பீய்ச்சினால், வெள்ளைத் துணியில் பார்க்கும்போது எல்லாரும் பயந்துபோவார்கள், நோயாளியும் பயப்படுவார், சிவப்புத் துணியில் அவ்வளவாகத் தெரியாது என்று அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வரக்கூடியதை முன்கூட்டியே இப்படி நிதானமாகச் சொல்லிவைக்கிற மனுஷரை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை.

வலிக்கு மார்ஃபின் தேவை என்று டாக்டர் சொன்னபோது அண்ணன் மறுத்துவிட்டார். போதை மருந்து, அதுக்கு அடிமையாகிடுவாங்க, அதைக் கொடுத்தா சீக்கிரம் போயிடுவாங்க என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இந்தப் பயத்துக்கு ஒரு நாட்டு வரலாறே இருக்கிறது. நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிரிடுகிறார்கள். நீமச், காஜிப்பூர் என்ற இரண்டு ஊர்களில் அரசு அபின் ஆலைகள் இருக்கின்றன. மார்ஃபினுக்கான மூலப்பொருளை வெளிநாடுகளுக்கு அனுப்புகிற நாடு இது. 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால், உள்ளூரில் வலியில் துடிப்பவருக்கு அது எட்டாமல் போனது. மாநிலத்துக்கு ஒரு விதி, மருந்தை வைத்துக்கொள்ளப் பல உரிமங்கள், ஒரு தவறு நடந்தால் சிறை. மருத்துவமனைகள் வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன, ஒரு தலைமுறை டாக்டர்கள் அதைப் பயன்படுத்தாமலேயே படித்து முடித்தார்கள். 1993-இல் கோழிக்கோட்டில் வலி நிவாரண மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் விடாமல் பேசியதன் பலனாக 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. கேரளம் 2008-லேயே இதற்கென ஒரு கொள்கையை அறிவித்து, ஊராட்சிவரை கொண்டுபோய்விட்டது. நம் மாநிலத்திலும் இப்போது அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் மார்ஃபின் கிடைக்கிறது; எல்லா மெடிக்கல் கடையிலும் கிடைக்காது.

அண்ணனிடம் டாக்டர் பேசினார். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுகிற நோயாளி போதைக்கு அலைகிறவராக மாறுவது அபூர்வம். வலி கூடினால் அளவைக் கூட்டலாம். முதல் சில நாள் தூக்கமாக இருக்கும், குமட்டும், அப்புறம் பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகவே பழகாது, அதனால் முதல் நாளிலிருந்தே அதற்கான மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1986-இல் சொன்ன முறை இது: வாய் வழியாக, கடிகாரம் பார்த்து, படிப்படியாக. கடிகாரம் பார்த்து என்பதுதான் முக்கியம். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, வருவதற்கு முன்னாலேயே நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்துவிட வேண்டும். படுக்கப் போகும்போது இரட்டை அளவு கொடுக்கச் சொன்னதால் நடுராத்திரியில் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. மாத்திரையைக் கரைத்துக் குழாயில் விட்டோம்; அதற்குள் மறுபடியும் குழாய் போட்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் அண்ணி போனில் கூப்பிட்டு, "தம்பி, அத்தை ராத்திரி பூரா தூங்கினாங்க" என்றார். எழுந்ததும் பெரியம்மா கேட்டது கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினீர்களா என்று.

வலி உடம்பில் மட்டும் இல்லை என்று சொன்னவர் லண்டனில் 1967-இல் குணமாகாத நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள செயின்ட் கிறிஸ்டோஃபர் இல்லத்தைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராக இருந்து, சமூகப் பணியாளராக இருந்து, அப்புறம் டாக்டருக்குப் படித்தவர். உடம்பு, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததுதான் நோயாளியின் வலி என்பார். அது எங்கள் வீட்டில் எனக்குப் புரிந்தது. மார்ஃபின் கொடுத்தும் ஒரு சில நாள் பெரியம்மா புரண்டுகொண்டே இருந்தார். சிஸ்டர் துருவிக் கேட்டபோது, சிலேட்டில் எழுதிக் காட்டினார்: வைத்தியச் செலவுக்கு வாங்கிய வட்டிக் கடன். நிலத்தை எழுதிக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அண்ணனும் நானும் உட்கார்ந்து, எவ்வளவு அடைத்தாகிவிட்டது, மீதி எவ்வளவு, அதை எப்படிக் கட்டப் போகிறோம் என்று கணக்கை அவருக்குப் படித்துக் காட்டினோம். நிலம் போகாது என்று தெரிந்த பிறகு மாத்திரை அளவைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

கடைசிக் கட்டத்துக்கு என்று ஒதுக்கி வைக்கிற வைத்தியம் இல்லை இது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் நுரையீரல் புற்றுநோய் பரவிய நிலையில் இருந்த 151 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதோடு சேர்த்து ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் கேர். இரண்டாம் பிரிவினர் நிம்மதியாக இருந்தார்கள், மனச்சோர்வு குறைந்திருந்தது. கடைசிக் காலத்தில் அவர்களுக்குக் கடுமையான சிகிச்சைகள் குறைவாகவே கொடுக்கப்பட்டன, அப்படியும் கூடுதல் நாள் வாழ்ந்தார்கள்: 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம். இந்த எண்ணை நான் எங்கள் உறவுக்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கதிர்வீச்சில் வாய் வெந்த அந்த ஆறு வாரத்தில் இந்தச் சிஸ்டர் எங்களுக்குக் கிடைத்திருந்தால், பெரியம்மா அவ்வளவு இளைத்திருக்க மாட்டார்.

அண்ணியைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் ரொட்டியும் வாங்கி வருவார்கள், அண்ணி அவர்களுக்கு டீ போட்டுக் கொடுப்பார். கழுவுவது, துடைப்பது, நாலு மணிக்கு ஒரு தடவை மாத்திரை, மூன்று மணிக்கு ஒரு தடவை கஞ்சி, நடுவில் மாடு, நடுவில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், அந்த வருமானமும் போனது. மருமகள்தானே, செய்ய வேண்டியதுதானே என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு குடும்பம் தாங்குகிறது என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் அங்கே ஒரு பெண் தாங்கிக்கொண்டிருக்கிறாள். சிஸ்டர்தான் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: சனி, ஞாயிறு ராத்திரி இவங்க தூங்கணும், ஆம்பளைங்க முறை வெச்சுப் பாத்துக்கங்க. படுத்திருப்பவரை எப்படித் திருப்பினால் நம் முதுகு பிடிக்காது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கு ஒரு தடவை எப்படிப் பக்கம் மாற்றுவது என்று அண்ணனுக்கும் எனக்கும் செய்து காட்டினார். அண்ணன் கஞ்சி வடிகட்டக் கற்றுக்கொண்டார்.

பெரியம்மா கடைசி மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. அது அவருடைய விருப்பம், எங்களிடம் முன்பே எழுதிக் காட்டியிருந்தார். கடைசி வாரத்தில் மூச்சு சத்தமாக வந்தபோது 108-ஐக் கூப்பிடலாமா என்று எங்களுக்குத் தடுமாற்றம். போனில் சிஸ்டரைக் கேட்டோம். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், உதட்டை ஈரப்படுத்துங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள், பேசிக்கொண்டே இருங்கள், காது கேட்கும் என்றார். அப்படியே செய்தோம். அவர் கட்டிலில், எங்கள் எல்லாருக்கும் நடுவில் போனார்.

காரியம் முடிந்த வாரம் சிஸ்டர் மறுபடியும் வீட்டுக்கு வந்தார். மீதமிருந்த மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி, திருப்பிக் கொடுப்பதற்குக் குறித்துக்கொண்டார். அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அப்புறம் அண்ணியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, சாப்பிடறீங்களா, தூக்கம் வருதா, அழுதீங்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். ஏகத்துக்கும் ஏறியிருந்தது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய் டாக்டரிடம் காட்டினார். இப்போது மாதம் ஒரு தடவை அந்தத் தன்னார்வலர் அண்ணிக்கு மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார்.